வீட்டு மனையில் புற்றரை: தாம்பரம் பிரதேச வாசிகளுக்குச் சில யோசனைகள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் 1931-ஆம் வருஷத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதற்கொண்டு, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் முதலிய இடங்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறுவோரின் தொகை வருஷா வருஷம் பெருகி வந்திருக்கிறது. ஏரிப் பாசனமும் புன்செய்யும் மேய்ச்சற் காடுமாக இருந்த கிராமங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஊர்களாகி, 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தாம்பரம் மாநகராட்சி என்ற ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தன. ஊர் இவ்வளவு நெருங்கிவிட்ட போதிலும், தனி வீடு உள்ளவர்களில் அநேகருக்கு முன்புறத்திலோ பின்புறத்திலோ கொஞ்சம் மண் தரை இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஒரு கிரவுண்டு மனையில் வீடும் கிணறும் நடைபாதையும் போக முந்நூறு அல்லது நானூறு சதுர அடி தேறலாம். அந்தத் தரையை எவ்வாறு வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கும் கிணற்றுக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மை உண்டாகும் என்பதே இங்கு விவரிக்கப்படும் விஷயம்.

தற்காலத்தில் வழக்கமாகக் காணப்படுவன இரண்டு முறைகள். முதலாவது, மழைக்காலத்துச் சேற்றுக்கும் பாம்புக்கும் பயந்து முற்றம் முழுவதையும் சிமெண்டினாலோ பேவர் கற்களாலோ மூடிவிடுவது. இரண்டாவது, நர்சரிகளில் பாய் போல் சுருட்டி விற்கப்படும் புல்லை வாங்கி விரித்து, லாரித் தண்ணீரை ஊற்றி ஓரிரண்டு வருஷம் காப்பாற்றி, பிறகு வேனிற்காலத்தில் கருக விட்டுக் கைவிடுவது. முதல் முறையில் மண் வீணாகிறது. இரண்டாவதில் பணமும் தண்ணீரும் வீணாகின்றன. சமீப காலத்தில் சிலர் பிளாஸ்டிக் புல்லை விரிக்கிறார்கள். அது வெயிலில் கால் வைக்க இயலாதபடி சுடுவதோடு, சில வருஷங்களில் நைந்து துணுக்குகளாகி மண்ணில் கலந்துவிடுவதால், அதைப் பற்றி மேலும் எழுத வேண்டிய அவசியமில்லை.

சிமெண்டுத் தளத்தினால் உண்டாகும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வருஷத்தில் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தின் மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2,230 லிட்டர். வருஷம் முழுவதற்கும் கூட்டினால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேலாகிறது. இந்த நீரில் மண்ணுக்குள் இறங்குவதற்கு இடமில்லாத பாகம் தெருவுக்கு ஓடுகிறது. தெருவிலிருந்து தாழ்ந்த வீட்டுக்குள் நுழைகிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு கிரவுண்டு மனைக்கு அன்றைய பங்கு மட்டும் ஒரு லட்சத்து ஒன்பதினாயிரம் லிட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி நின்றதை அப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனை பெரிய மழையை எந்த முற்றமும் விழுங்கிவிடாது என்பது உண்மையே. அன்று அடையாற்றிலும் ஏரிகளிலும் வந்த வெள்ளம் வேறு கணக்கு. ஆனால் வருஷந்தோறும் பெய்யும் ஐந்து சென்டிமீட்டர், ஏழு சென்டிமீட்டர் மழைகளில் தெரு குளமாவதற்கு மூடப்பட்ட முற்றங்கள் ஒரு பிரதான காரணம் என்பதில் ஆட்சேபம் இருக்க முடியாது.

அதே வீடுகளில் நான்கு வருஷத்துக்குள் எதிர்மாறான கஷ்டமும் நேரிட்டது. 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் அளிக்கும் பெரிய ஏரிகள் அநேகமாக வறண்டுபோய், ஜூலை மாதத்தில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. புறநகர்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, லாரிக்காக ஜனங்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். 2003-ஆம் வருஷத்திலேயே கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் கூரை நீரை மாத்திரம் ஒரு தொட்டியில் இறக்கிவிட்டு, முற்றத்தைச் சிமெண்டினால் மூடுவது பாதி வேலையே ஆகும். வேர் ஓடிய மண் தரையே முற்றத்து மழையைக் கிணற்றுக்குச் சேர்க்கும் மலிவான சாதனம். புற்றரையைப் பற்றி இங்கு எழுதுவதற்கு அதுவே முக்கியமான காரணம். கண்ணுக்கு இன்பம் அதற்கடுத்தது.

நிற்க. எந்தப் புல் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வீட்டின் முன் புல்லைப் படர விட்டு மட்டமாக வெட்டி வைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் பங்களாக்களிலிருந்து நமக்கு வந்தது. இங்கிலாந்தில் மழை வருஷம் முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்கிறது, வெயிலும் கடுமையன்று. அவ்விதமான சீதோஷ்ணத்துக்கு ஓரளவு கிட்டத்தில் வரக்கூடிய இடம் நமது மாகாணத்தில் நீலகிரி. உதகமண்டலத்து அரசாங்கத் தாவரவியல் தோட்டத்தின் சரிவுகளில் பச்சைக் கம்பளம் போல் புல் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதையே தாம்பரத்தில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். இங்கே சித்திரை, வைகாசியில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. பிறகு இரண்டு மாதத்தில் அடைமழை வேரை அழுக வைக்கிறது. இவ்விரண்டையும் தாங்கக் கூடியதும், செலவின்றிக் கிடைப்பதும் நமது அறுகம்புல்லே.

வயற்காட்டில் உழவர் களையென்று பிடுங்கி வரப்பில் எறிவதும் அறுகே. விநாயக சதுர்த்திக்கு மாலை கட்டுவதும், காலையில் சாறு பிழிந்து விற்பதும் அதுவே. உலகத்தின் வெப்ப தேசங்களில் விளையாட்டு மைதானங்களுக்குப் பெரிதும் பயன்படுவதும் இந்த இனந்தான். மேலே ஓடுதண்டுகளும் மண்ணுக்குள் கிழங்கு போன்ற அடித்தண்டுகளும் விட்டுப் படர்வதால், வெயிலில் மேற்புறம் வைக்கோலாகக் காய்ந்தாலும் ஒரு நல்ல மழைக்குப் பத்து நாளில் மீண்டும் துளிர்க்கிறது. சற்று உவர்ந்த நீரையும் சகித்துக்கொள்ளும். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வீணாகும் நீரை இடையிடையே நல்ல தண்ணீருடன் மாற்றி மாற்றி விடலாம். அந்நீரைத் தொட்டிச் செடிகளுக்கு விட்டால் நாளடைவில் உப்புப் பூத்துவிடும். அறுகுக்கு உள்ள ஒரே பெரிய குறை, நிழலில் வளராமை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நர்சரிகளில் கொரியன் புல் என்று விற்கப்படுவது மெத்தென்று அழகாக இருப்பினும், மெதுவாகப் படர்வதும் தண்ணீர்க் குறைவைச் சகியாததுமாகையால், சிறு இடத்துக்கு மட்டுமே தகும்.

இப்பிரதேசத்து மண் ஒரே மாதிரியானதன்று. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டிருக்கிறார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல் அதே இனத்தைச் சேர்ந்ததாயிருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. இப்பாறை சிதைந்து உண்டான சரளை கலந்த செம்மண் தாம்பரம், சேலையூர் மேட்டுப் பாகங்களில் இருக்கிறது. இது தண்ணீரைச் சீக்கிரம் இறக்கும்; சத்துக் குறைவு. கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்லும் தாழ்ந்த பாகங்களில் களிமண் அதிகம். அங்கே சத்து உண்டு, வடிகால் இல்லை. முதல் வகையில் எருவும், இரண்டாம் வகையில் மேடும் சரிவுமே கவனிக்க வேண்டியவை.

மேட்டு நிலத்தில் என்ன செய்யக் கூடும் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் வருஷத்தில் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு மாற்றப்பட்டபோது, அதற்குக் கிடைத்த 365 ஏக்கர் நிலம் முட்புதர் மண்டிய சேலையூர்க் காட்டின் பாகம். ரசாயன ஆசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்பவரும் அவருடைய மனைவி ஆலிஸ் அம்மையாரும் அந்த வளாகத்தில் மரங்களை நட்டுப் பேணுவதில் மிகவும் சிரத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்று அது புள்ளிமான்கள் திரியும் வனமாயிருக்கிறது. உதிர்ந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கி, வருஷக் கணக்கில் மண்ணாகும் இடமென்பதைப் பார்ப்பவர்கள் கவனிக்கலாம். தெருவின் எதிர்ப்பக்கத்து வீடுகளில் அதே இலைகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள்!

புதிதாகக் கட்டிய வீடானால் முற்றத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். கொத்தனார்கள் விட்டுச்சென்ற செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, பெயிண்டு டப்பா முதலியவற்றின் மேல் ஒரு லாரி செம்மண்ணைக் கொட்டி மட்டம் செய்துவிடுவது சர்வ சாதாரணம். அந்த மேல் மண்ணில் புல் ஆறு மாதம் செழித்து, வேர் கீழே இறங்க வழியின்றிக் காய்ந்துவிடும். ஆகையால் ஒரு முழ ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது முற்றிலும் இறங்கிய பிறகு இரண்டாம் முறை நிரப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை நிரப்பியது நான்கைந்து மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் வடிகாலுக்குக் குறைவில்லை. மறுநாள் வரையில் நின்றால் கடப்பாரையால் அடிமண்ணைப் பிளந்து, மணலும் மக்கிய எருவும் கலக்க வேண்டும். அல்லது அவ்விடத்தில் புல்லை விட்டுவிட்டுக் கல்வாழை, வாழை போன்றவற்றை நடலாம்.

தரையைத் தயார் செய்வதற்கு ஆனி மாதம் தக்கது. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் விட்டுப் பத்து நாள் சும்மா விட்டால் மண்ணிலுள்ள களை விதைகள் முளைக்கும். அவற்றைக் களைக்கொத்தினால் அகற்றி, மறுபடியும் ஒரு முறை அவ்வாறே செய்வது நல்லது. இந்த இருபது நாள் பொறுமை பின்னால் இரண்டு வருஷத்துக் களை வேலையை மிச்சப்படுத்தும். பிறகு நூறு சதுர அடிக்கு ஐம்பது கிலோ வீதம் நன்கு மக்கிய தொழு எருவைச் சேர்த்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் தாழும்படி மட்டம் செய்ய வேண்டும். தாழ்ந்த முனை தெருவில் முடியாமல், மழைநீர்க் குழியிலோ கிணற்றருகிலோ முடிவது அவசியம்.

நடுவதற்கு ஆடி, ஆவணி மாதங்களின் மாலை மழை மிகவும் அனுகூலம். ஐப்பசி அடைமழையில் நட்டால் துண்டுகள் மிதந்து போய்விடும். சித்திரையில் நட்டால் கருகும். ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கிடைக்கும் அறுகை வேரோடு எடுத்து, கணுவுள்ள துண்டுகளாக்கி, நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுவது ஒரு முறை. கோரைக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கைப்பிடியையும் உதறிப் பார்த்த பின்னரே நட வேண்டும். இன்னொரு முறையும் நமது தேசத்துத் தோட்டக்காரரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அறுகை இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி, சம அளவு பசுஞ்சாணமும் செம்மண்ணும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, தரையின் மேல் ஓர் அங்குலக் கனத்துக்கு மெழுகிவிட்டு, மேலே வைக்கோல் பரப்பித் தினம் பூவாளியால் நனைப்பதாகும். வாசல் மெழுகத் தெரிந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. துண்டுகள் துளிர்த்தவுடன் வைக்கோலை எடுத்துவிடலாம்.

தண்ணீர் விடுவதிலேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தினந்தோறும் மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இலை நனைய ஐந்து நிமிஷம் தெளிப்பதால் அரை அங்குல மண்ணே ஈரமாகிறது. வேரும் அந்த அரை அங்குலத்திலேயே நின்றுவிடுவதால், ஒரு நாள் மோட்டார் ஓடாவிட்டாலும் புல் வாடுகிறது. வேர் பிடித்த அறுகுக்கு, மழையில்லாத காலத்தில் வாரத்துக்கு ஓர் அங்குலத் தண்ணீர் தாராளமாகப் போதும்; அதையும் ஒரு முறை அல்லது இரண்டு முறையாகக் காலை ஏழு மணிக்குள் விட வேண்டும். இரவெல்லாம் இலை ஈரமாயிருந்தால் பூஞ்சாளம் பிடிக்கும். தெளிப்பானின் அளவை அறிய, நேரான பக்கங்களுள்ள இரண்டு மூன்று பழைய டின்களைத் தரையில் வைத்து, அவற்றில் ஓர் அங்குலம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 236 லிட்டர். நானூறு சதுர அடிப் புற்றரைக்கு வாரத்துக்கு 944 லிட்டர் வேண்டும். வேனில் மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அதாவது ஒரு பெரிய லாரித் தண்ணீர். இதைக் கிணறு தாராளமாகக் கொடுத்தால் விடலாம். கொடாவிட்டால் விட வேண்டாம். பங்குனி முதல் ஆனி வரையில் புல் பழுத்து வைக்கோல் நிறமாவதைப் பார்த்துச் சகித்துக்கொள்ள வேண்டும். இருபது நாளுக்கு ஒரு முறை நனைத்தால் அடித்தண்டு உயிரோடிருக்கும். குடிப்பதற்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருவில், புல் பச்சையாயிருக்க வேண்டுமென்று லாரி அழைப்பது நியாயமன்று. இந்தச் செலவைக் குறைக்க விரும்புவோர் நானூறு சதுர அடியில் நூற்றைம்பதை மட்டும் புல்லுக்கு வைத்து, மீதியில் மரமும் காய்கறியும் மூலிகையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காலையில் புல்லின் மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்க, மிதித்த புல் நிமிர்ந்துவிட்டால் வேண்டியதில்லை. அடிச்சுவடு அப்படியே கிடந்தால் விடலாம்.

வெட்டுவதில் ஒரே விதி. எந்தச் சமயத்திலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. இலையே செடிக்கு உணவு சமைக்கும் இடமாதலால், மொட்டையாகச் சிரைத்துவிட்டால் வேரிலுள்ள சேமிப்பு செலவாகி, வெறுமையான இடத்தில் களை புகுந்துகொள்ளும். மழைக்குப் பிந்திய மாதங்களில் ஒன்றரை அங்குலமும், வேனிலில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமலும் விட வேண்டும். உயரமான புல் தன் நிழலால் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. சிறு முற்றத்துக்குக் கருக்கரிவாளே போதும். கையால் தள்ளும் இயந்திரமானால் அலகு கூர்மையாயிருக்க வேண்டும். மழுங்கிய அலகு புல்லைக் கிழித்து, நுனி வெளுக்கச் செய்யும். வெட்டிய துணுக்குகள் சிறியவையாயிருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். அவை மக்கித் தழைச்சத்தாகத் திரும்புகின்றன. குப்பை வண்டியில் போடுவது எருவைத் தானம் செய்வதற்குச் சமானம்.

களைகளில் கோரையே கொடியது. இழுத்தால் தாள் அறுந்து கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கி, ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும். மருந்தை நம்புவதைவிட, கோடையில் அந்த இடத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, கிழங்குகளை மேலே கொணர்ந்து, தண்ணீர் விடாமல் வெயிலில் உலர விடுவது நல்ல பலனைத் தரும். மிஞ்சியவற்றை நான்கைந்து இலை விட்டவுடன் திரும்பத் திரும்பக் கிழங்கோடு தோண்டி எடுத்துக்கொண்டே வந்தால் இரண்டு பருவத்தில் அடங்கும். அடுத்தது பார்த்தீனியம். 1950-களில் புனாப் பக்கத்தில் முதன்முதலாகப் பெரிதும் கவனிக்கப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவிய இந்த அமெரிக்கச் செடி, காலி மனைகளிலிருந்து மதில் தாண்டி வருகிறது. பூக்கும் முன்னரே, மழை பெய்து மண் இளகியிருக்கும் சமயம் பார்த்து, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். சிலருக்கு அதைத் தொட்டாலே அரிப்பும் கொப்புளமும், மகரந்தத்தால் இழைப்பும் உண்டாகும். உப்புத் தண்ணீர் தெளித்தாலும் செடி சாகும். ஆனால் அதைத் தெருவோரத்தில் செய்யலாமேயன்றி, புல் வளர வேண்டிய மண்ணில் செய்யலாகாது. மற்றபடி கீழாநெல்லி, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி போன்றவை புல்லிடையே தலைகாட்டினால் பதற்றப்படத் தேவையில்லை. அவை சமையலறைக்கும் வைத்தியத்துக்கும் உதவுபவை.

புல்லில் வட்டமான பழுப்புத் திட்டுக்கள் தோன்றி, பிடித்திழுத்தால் பாய் போல் பெயர்ந்து வருமானால், கீழே வேர்ப்புழு தின்றுகொண்டிருக்கிறதென்று பொருள். மைனாக்களும் காகங்களும் அங்கு வந்து கொத்தினால் விரட்ட வேண்டாம். நூறு சதுர அடிக்கு அரை கிலோ வீதம் வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கித் தூவி நீர் விடுவது போதும். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் கூட்டங்கூட்டமாக வந்து செடிகளை மொட்டையடிக்கும் தெருக்களில், இரவில் நனைந்த சாக்கின் மேல் பப்பாளி இலையைப் பரப்பி வைத்தால் காலையில் அங்கே சேர்ந்திருக்கும். கையுறையுடன் பொறுக்கி உப்புக் கரைசலில் போட வேண்டும். குழந்தைகள் அவற்றைத் தொடாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். அவற்றால் மனிதருக்கும் வியாதி வரக்கூடும்.

மாமரம், வேம்பு, புங்கு இவற்றின் அடியில் புல் வளர்க்க முயல்வது வீண். அங்கே சருகை அப்படியே பரப்பிவிட்டு, சேம்பு, கருணை, மஞ்சள் இவற்றில் ஏதேனும் ஒன்றை ஊன்றினால் நிழலும் பயன்படும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு போடுவது மாத்திரம் கூடாது. நாற்புறமும் மூன்றடியாவது மண் விட வேண்டும். 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயலில் சென்னையிலும் புறநகர்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் பரவ இடமின்றிச் சுற்றிலும் தளம் போடப்பட்ட மரம் அத்தகைய காற்றை எப்படித் தாங்கும்?

எருவைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். யூரியா போட விரும்புவோர் நூறு சதுர அடிக்கு நூறு கிராமுக்கு மேற்படாமல், மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். மக்கிய குப்பையெரு இதைவிட மேலானது. செடி கொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, ஈரம் காத்து, புரட்டிப் போட்டு மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் இந்தூரில் ஆராய்ந்து 1931-ஆம் வருஷத்தில் நூலாக வெளியிட்டார். அதே முறையைக் கொல்லைப்புறத்து மூலையில் மூன்றடிச் சதுரத்தில் நடத்தலாம். காய்கறித் தோலும் சருகும் கலந்து போட்டு, மேலே ஒரு கை மண் தூவினால் ஈயும் நாற்றமும் வாரா. அந்த எருவைச் சலித்து, ஆவணியில் நூறு சதுர அடிக்கு இரண்டு மூன்று கூடை வீதம் புல்லின் மேல் பரப்பித் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும்.

புரட்டாசி பிறந்தவுடன் வேறொரு வேலையும் உண்டு. மழைநீர்க் குழியின் மேல் படிந்த வண்டலை வாரி, ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும். தொட்டிகளின் அடித்தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர் இவற்றில் நிற்கும் நீரில் டெங்கு கொசு பெருகுவதால், வாரத்துக்கொரு முறை கவிழ்த்துவிட வேண்டும். புல்லின் மீது மழைநீர் சில மணி நேரம் நிற்பதால் கொசுவுக்கு அனுகூலமில்லை. ஒரு வாரம் நின்றால் உண்டு.

பாம்பு பயத்தினாலேயே சிமெண்டு போட்டதாகச் சொல்லுவோர் அநேகர். பாம்பு வருவது எலிக்காகவும் ஒளிவிடத்துக்காகவும் ஆகும். செங்கற் குவியல், விறகு, மதிலோரத்து உயர்ந்த புதர் இவற்றை அகற்றி, வாசலையும் நடைபாதையையும் சுற்றி மூன்றடிக்குப் புல்லைக் குட்டையாக வைத்து, இரவில் விளக்கில்லாமல் நடவாதிருந்தால் அபாயம் பெரும்பாலும் நீங்கும். கடிபட்டவரைக் கட்டுப் போடாமலும் கீறாமலும், கடித்த அங்கத்தை அசைக்காமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே செலுத்தப்படும் மாற்று மருந்துக்கு மூலமாகிய விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில், நமக்கு அண்மையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-ஆம் வருஷம் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். பிடித்த பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் வண்டி நிறுத்துவதற்காகத் தளம் வேண்டுமென்போர், முற்றம் முழுவதையும் மூடாமல், சக்கரம் ஓடும் இரு தடங்களுக்கு மட்டும் ஒன்றரை அடி அகலத்தில் கல் பதித்து, நடுவிலும் பக்கங்களிலும் அறுகை விட்டுவிடலாம். ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்களும் தாழ்ந்த ஓரத்தில் இரண்டடி அகலத்தை உடைத்தெடுத்து மண்ணாக்கினால், முற்றத்து நீரின் பெரும்பகுதி அங்கே இறங்கிவிடும். ஒரு கொத்தாளுக்கு ஒரு நாள் வேலை.

புல் வெட்டும் இயந்திரத்தை வீட்டுக்கொன்று வாங்குவது பணத்தை முடக்குவதாகும். மாதத்தில் இரண்டு மணி நேரமே ஓடும் கருவி அது. திருவல்லிக்கேணியில் 1904-ஆம் வருஷத்தில் அரிசி பருப்பு வாங்குவதற்காகக் கூடிய குடித்தனக்காரர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் நூறாண்டு கடந்து நிலைத்தது. ஒரு தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து ஓர் இயந்திரமும் ஒரு கடப்பாரையும் வாங்கிக்கொள்வதற்கு அவ்வளவு பெரிய ஸ்தாபனம்கூட வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானமும் ஒரு நோட்டுப் புஸ்தகமும் போதும். எருவும் வேப்பம் பிண்ணாக்கும் ஒரே லோடாக வாங்கினால் வண்டிக் கூலி பங்காகும். இத்தகைய ஏற்பாடுகள் குலைவதற்குப் பெரும்பாலும் காரணம் விலையன்று, பழுதே. ஆகையால் இயந்திரம் எந்த வீட்டில் இருக்கும், எந்த வாரம் யாருக்கு, உபயோகித்தவர் அலகைத் துடைத்து எண்ணெயிட்டுத் திருப்ப வேண்டும் என்பது, வருஷத்துக்கு இரு முறை சாணை பிடிக்கும் செலவு எல்லாருக்கும் சமம் என்பது ஆகிய நான்கையும் நோட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிப் பத்து பேரும் கையெழுத்திட்ட பின்பு பணம் வசூலிக்கலாம். வாங்குவதற்கு மார்கழிக் கடைசி உகந்தது; தை பிறந்து மழை ஓய்ந்தவுடன் முதல் வெட்டு வரும்.